அமைதிப் பணியின் இருவாயில்கள்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரம் பன்னாட்டு அமைப்புகள் பலவற்றின் இருப்பிடம். ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பிய அலுவலகம், உலகச் சுகாதார நிறுவனம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு ஆகியன அங்கேதான் இயங்குகின்றன. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்நகரின் ஏரிக்கரையில் ஓர் இளைஞர் சிறு கூடாரம் அடித்துத் தங்கியிருந்த செய்தி உலக நாளிதழ்களில் வெளியாயிற்று. அவர் ஐ.நா. அலுவலகத்திற்குப் பயிற்சி பெற வந்தவர். பயிற்சிக்கு ஊதியம் இல்லை. ஜெனீவாவிலோ ஒரு சிற்றறையின் வாடகைகூட எளியோர்க்கு எட்டாதது. இந்நிலையை உலகம் காண வேண்டும் என்பதும் கூடாரம் அடித்ததற்கு ஒரு காரணம் எனப் பின்னர் அவரே தெரிவித்தார். நோக்கம் எதுவாயினும் அவர் எழுப்பிய வினா மெய்யானது: உலக அமைதிக்கு உழைக்கும் வாய்ப்பு, வசதி படைத்தோர்க்கு மட்டும்தானா?

இவ்வினாவுக்கு விடை காண, பன்னாட்டுப் பணிக்குள் நுழையும் இருவாயில்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று, 'இன்டர்ன்ஷிப்' எனப்படும் உள்ளகப் பயிற்சி. மற்றொன்று, 'ஃபெல்லோஷிப்' எனப்படும் நல்கை. முன்னது அலுவலகப் பணியை அருகிருந்து கற்கும் குறுகிய காலப் பயிற்சி. பின்னது தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் கற்பதற்கும் பணியாற்றுவதற்கும் ஆகும் செலவை ஏற்றுக்கொள்ளும் உதவி.

ஐ.நா. தலைமைச் செயலகத்தின் உள்ளகப் பயிற்சி இரண்டு முதல் ஆறு மாதங்கள் வரை நடைபெறும். இளங்கலைப் படிப்பின் இறுதியாண்டில் இருப்போரும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களும் பட்டம் பெற்று ஓராண்டு கடவாதவர்களும் விண்ணப்பிக்கலாம். விமானக் கட்டணம், விசா, காப்பீடு, உணவு, உறைவிடம் ஆகிய அனைத்தும் பயிற்சி பெறுவோரின் பொறுப்பு. அங்குப் பணியாற்றுவோரின் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் பயிற்சியில் சேர இயலாது என்பது விதி. உறவின் செல்வாக்கைத் தடுக்க விதி வகுத்தவர்கள், செல்வத்தின் செல்வாக்கைத் தடுக்க மறந்துவிட்டனர் போலும்.

எனினும் எல்லா அமைப்புகளும் அவ்வாறில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பயிற்சித் திட்டத்தில் மாத மதிப்பூதியம் உண்டு. சொந்த மாநிலத்திலிருந்து தில்லி சென்று திரும்பும் விமானக் கட்டணமும் தரப்படுகிறது. வளர்ச்சியை நாடும் மாவட்டங்கள் என நடுவண் அரசு பட்டியலிட்டுள்ள மாவட்டங்களைச் சேர்ந்தோர்க்கு அதில் முன்னுரிமை உண்டு. தமிழ்நாட்டின் இராமநாதபுரமும் விருதுநகரும் அப்பட்டியலில் இடம்பெற்றவை. ஆகவே, ஓர் அறிவிப்பைக் காணும் மாணவர் அமைப்பின் பெயரைப் படித்தவுடன், செலவை ஏற்பவர் யார் என்னும் பகுதியைப் படித்துவிடுவது நன்று.

நல்கைகளுள் சிலவற்றின் பெயருக்குப் பின்னே ஒரு வாழ்க்கை மறைந்திருக்கும். ரேஹாம் அல்-ஃபர்ரா ஜோர்டான் நாட்டைச் சேர்ந்தவர், ஐ.நா. அவையின் செய்தித் தொடர்புத் துறையில் பணியாற்றியவர். ஈராக் போரின் துயரம் தணியாத 2003ஆம் ஆண்டில் அவர் பாக்தாத் நகருக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 19 அன்று, ஐ.நா. அலுவலகம் இயங்கிய கனால் விடுதி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. ஐ.நா. தூதுக்குழுவின் தலைவர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் உயிரிழந்தனர். ரேஹாமும் அவர்களுள் ஒருவர். அப்போது அவருக்கு வயது 29. வளரும் நாடுகளின் இளம் இதழாளர்களுக்காக நடைபெற்று வந்த பயிற்சித் திட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தேர்வு பெறுவோர் நியூயார்க் சென்று, பொது அவை கூடும் காலத்தில் அதன் நடவடிக்கைகளை நேரில் கண்டு செய்தி எழுதுகின்றனர். பயணச் செலவையும் அன்றாடச் செலவையும் ஐ.நா. அவையே ஏற்கிறது. அந்த ஆகஸ்டு 19 இன்று உலக மனிதநேய நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ரோட்டரி அறக்கட்டளையின் அமைதி நல்கை, பல்கலைக்கழகப் படிப்போடு இணைந்தது. சுவீடனின் உப்சாலா, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, உகாண்டாவின் மக்கெரேரே முதலிய பல்கலைக்கழகங்களில் அதன் மையங்கள் உள்ளன. கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம், பயணம் ஆகிய செலவுகளை நல்கையே ஏற்கும். ஆனால் பட்டம் மட்டும் இருந்தால் போதாது. அமைதி அல்லது வளர்ச்சி தொடர்பான துறையில் சில ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். இந்நிபந்தனை தடையாகத் தோன்றினும் எளிய குடும்பத்து மாணவர்க்குச் சாதகமானதே. சாதிப் பூசலுக்குப் பின் இரு தெருவினரையும் ஒரே மன்றத்தில் அமரச் செய்தவர், அகதிகள் முகாமில் மாலைநேர வகுப்பு நடத்தியவர், மீனவர் சிக்கலை ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தவர் ஆகியோர்க்கு எழுதுவதற்குச் செய்திகள் உண்டு. 'உலக அமைதியே என் கனவு' என்று தொடங்கும் விண்ணப்பக் கடிதங்களைத் தேர்வாளர்கள் ஆயிரக்கணக்கில் படித்திருப்பர். எந்த ஊரில், யாருடன், எதனைச் செய்ய முயன்று எங்கே தோற்றார் என்று எழுதும் கடிதம் அவர்களை நிமிர்ந்து அமரச் செய்யும்.

இத்துறையில் ஏமாற்றுவோரும் உளர். ஐ.நா. அவையின் முத்திரையுடன் வரும் மின்னஞ்சல், பதிவுக் கட்டணம் என ஒரு தொகையைக் கேட்கும். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்நிலையிலும் ஐ.நா. அவை கட்டணம் பெறுவதில்லை. பணம் கேட்கும் கடிதம் போலியானது என உடனே முடிவு செய்யலாம்.

மேற்கூறியவற்றுள் எதற்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவர் இப்போதே விண்ணப்பிக்க இயலாது. அவருக்கு முதலில் திறக்கும் கதவு வேறொன்று. ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு, இணையவழித் தொண்டுக்கு 18 வயது நிறைந்தோரை ஏற்கிறது. மொழிபெயர்ப்பு, வரைகலை, கட்டுரையாக்கம் போன்ற பணிகளை வீட்டிலிருந்தோ நூலகக் கணினியிலிருந்தோ செய்து தரலாம். ஊதியம் இல்லை, விமானச் சீட்டும் வாடகை அறையும் தேவையில்லை.