கைக்குழந்தையோடு மும்பைக்கு: ரெயிலா, விமானமா?

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போன பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு மும்பைக்குத் திரும்ப வேண்டும். தாராவியிலும் செம்பூரிலும் சயான் கோலிவாடாவிலும் ஒற்றை அறையில் தனியாகப் பொங்கித் தின்னும் கணவன் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். ஆபீசில் 5 நாள் லீவு. போகவும் வரவும் 3 நாள் ஓடிவிடும்.

நெல்லைச் சீமை வீட்டுத் திண்ணையில் அப்போதுதான் அந்தப் பேச்சு எழும்.

"பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு ஒண்ணரை நாளு ரெயில்லயா? ஏரோப்பிளான்ல கூட்டிட்டுப் போயிருங்க மாப்பிள்ளை" என்பார் மாமியார்.

"அதுல போனா புள்ளைக்குக் காது அடைச்சிரும்லா?" என்பார் ஆச்சி.

இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. பணம் மட்டும் மாப்பிள்ளையின் பையில் இருந்து போகிறது.

ஊட்டியில் ஏறி இறங்கியது போல

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஊட்டி மலையில் இருப்பது போலத்தான் வைக்கப்படுகிறது. அதாவது 6 ஆயிரம் முதல் 8 ஆயிரம் அடி உயரத்துக் காற்று. தரை இறங்கும்போது அரை மணி நேரத்துக்குள் ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்த கதைதான். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு சிறு குழாய் உண்டு. அது திறந்து மூடினால்தான் அழுத்தம் சமமாகும். பெரியவர்கள் எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ சமாளிக்கிறார்கள். குழந்தைக்கு அந்தக் குழாய் குறுகலாக இருக்கிறது. விழுங்கு என்று சொன்னால் அதற்குப் புரியவும் புரியாது.

இதற்கு மருந்து தாய்ப்பால்தான். விமானம் கிளம்பும்போதும், அதைவிட முக்கியமாக இறங்கத் தொடங்கும்போதும் பால் கொடுத்தால், குழந்தை விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். ஏறும்போதே வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, இறங்கும் நேரத்தில் தூங்க விட்டால்தான் வீறிட்டு அழுகை வருகிறது. சளி பிடித்த குழந்தையானால் வலி கூடும். குறை மாதத்தில் பிறந்ததென்றாலோ, மூச்சுக் கோளாறு இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கவே கூடாது. தூங்குவதற்கென்று சளி மருந்து புகட்டுகிற கெட்ட பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது குழந்தையின் மூச்சுக்கே ஆபத்து.

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை இல்லை, மடிதான். அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. பெரியவர் ஒருவருக்கு ஒரு குழந்தை என்பது கணக்கு. தாயின் பெல்ட்டோடு மாட்டும் சிறிய பெல்ட்டைப் பணிப்பெண்ணிடம் கேட்டு வாங்க வேண்டும். வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். குழந்தைக்கான பாலையும் உணவையும் பாதுகாப்புச் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் அனுமதிக்கிறார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தையை ஏற்றிக்கொள்வதில் கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு.

மதுரையில் இருந்து மும்பைக்கு நேர் விமானம் என்றால் பறப்பது 2 மணி நேரம்தான். ஆனால் பணம்? தாயும் தகப்பனும் போகிற விமானச் செலவில் தூங்கும் வசதிப் பெட்டியில் குடும்பமே ஊர் போய்த் திரும்பலாம். அதனால்தான் பெரும்பாலோர் கடைசியில் ரெயிலில் ஏறுகிறார்கள்.

கீழ்ப் படுக்கைக்கு ஒரு வழி

ரெயிலில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். தனிப் படுக்கை கேட்டால் மட்டும் முழுக் கட்டணம். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. முன்பு போல 120 நாள் இல்லை.

கைக்குழந்தைக்காரிக்குக் கீழ்ப் படுக்கை தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கர்ப்பிணிகளுக்கும், 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும், முதியவர்களுக்கும்தான் அந்த ஒதுக்கீடு. இங்கேதான் ஆச்சியோ மாமியாரோ உதவுகிறார்கள். துணைக்கு வரும் அவர்களுக்கு அந்த ஒதுக்கீட்டில் தனி டிக்கெட்டாக எடுத்தால் கீழ்ப் படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். இது தெரியாமல் மேல் படுக்கையில் குழந்தையோடு ஏற முடியாமல், எதிரே இருப்பவரிடம் கெஞ்சும் தாய்மார்கள் எத்தனையோ பேர்.

2022-ம் ஆண்டு மே மாதம் லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையை ஒட்டிக் குழந்தைக்கென மடக்குப் படுக்கை வைத்துச் சோதனை செய்தார்கள். நம்மவர்கள் ஏறும் தென்னக ரெயிலில் அதைத் தேட வேண்டாம். குழந்தையைச் சுவர்ப் பக்கம் போட்டு, தாய் வெளிப் பக்கம் படுப்பதுதான் இன்றைக்கும் வழி.

தூளி கட்டலாமா?

இரண்டு மேல் படுக்கைகளுக்கு நடுவே சேலையில் தூளி கட்டுவது நம் பெண்களுக்குக் கைவந்த கலை. ரெயிலே ஆட்டிவிடுகிறது, குழந்தையும் உறங்கிவிடுகிறது. பகலில், பக்கத்தில் ஒருவர் கண் வைத்திருக்கையில், முடிச்சை இழுத்துப் பார்த்துக் கட்டினால் சரி. இரவில் வேண்டாம். தாய் கண் அயர்ந்த நேரத்தில் திடீரென்று பிரேக் போட்டால் தூளி கம்பியில் மோதும். இருட்டில் பெட்டி தூக்கிக்கொண்டு இறங்குகிறவர் தலையும் அதில் இடிக்கும்.

கடப்பை தாண்டினால்

சித்திரை, வைகாசியில் கடப்பை, குந்தக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் வழியே பகலில் போவது அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது போல. "நாக்கு வறண்டு போச்சு, ரெண்டு பாலாடை தண்ணி குடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாசம்தான். ஆனால் 6 மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீர் கூடத் தேவையில்லை என்பது டாக்டர்கள் முடிவு. கோடையில் அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டியது தாய். கூச்சப்பட்டுக்கொண்டு பால் கொடுக்கும் நேரத்தைத் தள்ளுவதும், கழிப்பறைக்குப் போகப் பயந்து தாய் தண்ணீரைக் குறைப்பதும்தான் குழந்தையை வாட்டுகிறது. பெரிய துப்பட்டா ஒன்றும், ஜன்னல் ஓரமும், எழுந்து மறைத்து நிற்கத் தெரிந்த கணவனும் இருந்தால் போதும்.

மாவுப்பால் குடிக்கும் குழந்தை என்றால் கவலை அதிகம். பாட்டிலை விடப் பாலாடையும் சங்கும் கழுவ எளிது. கொதித்த வெந்நீரை வீட்டிலேயே பிளாஸ்கில் ஊற்றி, மாவை வேளைக்கு வேளை அளந்து தனித்தனி டப்பாவில் எடுத்துச் செல்ல வேண்டும். கலந்த பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது. செல்போன் பிளக்கில் மின்சாரக் கெட்டிலைச் சொருகுவது தடை செய்யப்பட்டது, தீப்பிடிக்கும்.

குளிர்சாதனப் பெட்டியில் வேறு தொல்லை. நள்ளிரவில் குளிர் ஏறும். குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் கையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பயனில்லை.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், 6 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், 3 மாதத்துக்கு உட்பட்டதற்குக் காய்ச்சல் அடித்தாலும் ஊர் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. 139-க்குப் போன் செய்து பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் சொன்னால், வரும் பெரிய ஸ்டேஷனில் டாக்டருக்கு ஏற்பாடு செய்வார்கள். டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லலாம். மொழி தெரியாத ஊர் ஆயிற்றே என்ற தயக்கத்தில்தான் பலர் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

அட்டையை மறக்காதீர்கள்

6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசி உண்டு. ஊசி போட்ட மறுநாளே ரெயில் ஏறினால் காய்ச்சல் வழியில் வரும். இரண்டு மூன்று நாள் விட்டுக் கிளம்புவது நல்லது. அடுத்த ஊசியை மும்பை மாநகராட்சி மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். அதற்கு ஊரில் கொடுத்த அட்டை வேண்டும். வசம்பும், கருப்பு வளையலும், பாட்டி தைத்த துணியும் மறக்காமல் பைக்குள் வந்துவிடுகின்றன. அட்டை மட்டும் ஊர் அலமாரியில் தங்கிவிடுகிறது. கிளம்புமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டால், அதைத் தபாலில் அனுப்பச் சொல்லி ஆச்சியை அலைக்கழிக்க வேண்டியதில்லை.