உள்ளம் காக்கும் பணி

உளவியலில் பட்டம் பெற்றோர் பள்ளிகளில் மாணவர்க்கு வழிகாட்டலாம், தொழிற்சாலைகளில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க உதவலாம், ஆராய்ச்சியிலும் ஈடுபடலாம். ஆயின், உள்ளப் பிணியுற்றோர்க்குத் துணைபுரிய அப்பட்டம் மட்டும் போதுமோ? போதாது. தைராய்டுச் சுரப்பி நலிந்தாலும் சோர்வு தோன்றும். அதனை வெறும் மனத்தளர்ச்சி எனப் பிழைபடக் கொண்டால், நோயாளர்க்கு உரிய மருந்து கிடைக்காமற் போகும்.

ஆதலின், மருத்துவ உளவியலாளராக விரும்புவோர் மருத்துவமனையில் வல்லுநரின் மேற்பார்வையில் பயிலுதல் வேண்டும். நோயாளரோடு உரையாடுதல், நினைவாற்றலை அளத்தல், மனநல மருத்துவரோடு கலந்து முடிவு செய்தல் ஆகியவற்றை அங்குக் கற்பர். பெங்களூரில் 1954-இல் நிறுவப்பெற்ற அனைத்திந்திய மனநல நிலையம் மறு ஆண்டே இப்பயிற்சியைத் தொடங்கியது. அதுவே இன்று நிம்ஹான்ஸ் என விளங்குகிறது. பதிவு பெற்றோரே இப்பணி செய்தல் வேண்டும் என 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் விதித்தது. நம்பி வருவோர்க்கு நற்காவல் முறையான பயிற்சியே.