வீட்டு ஒலியமைப்பில் குரலை முன்னிறுத்தல்

வீட்டு ஒலியமைப்பில் குரலை முன்னிறுத்தல் என்பது, ஹை-ஃபை எனப்படும் உயர்தர ஒலிக்கருவிகளில் பாட்டுக் கேட்கும்போது பாடுபவரின் குரல் பக்கவாத்தியங்களில் அமிழ்ந்துவிடாமல், சொற்கள் தெளிவாகப் புரியும்படி கருவிகளைச் சீர்செய்தல் ஆகும். குரல் தெளிவில்லை என்றால் பலரும் முதலில் ஒலியளவைக் கூட்டுகின்றனர். அதனால் குரலுடன் சேர்ந்து அதை மறைக்கும் ஒலிகளும் கூடுகின்றன. கரும்பலகையைத் துடைக்காமல் பழைய எழுத்தின்மேலேயே இன்னும் அழுத்தி எழுதுவதைப் போன்றது இது. எனவே, குரலைக் கூட்டுவதற்கு முன் குரலை மறைப்பவற்றைக் குறைப்பதே சரியான வழியாகும்.

குரலின் அதிர்வெண்கள்

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை உணரும். குரல் இதில் ஒரு பகுதியில் மட்டுமே அடங்குகிறது.

- சாதாரணப் பேச்சில் ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலும், பெண்குரலினுடையது 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரையிலும் இருக்கும். பாடும்போது இது இன்னும் மேலே செல்லும்.
- உயிரொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்தும் ஆற்றல் பெரும்பாலும் 300 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரை உள்ளது.
- மெய்யொலிகளின் தெளிவு 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதியைப் பெரிதும் சார்ந்தது. 'ஸ', 'ஷ' போன்ற உரசொலிகள் 4,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே பரவுகின்றன.

குரலின் வலிமையும் இனிமையும் உயிரொலிகளில் இருந்தாலும், சொல் புரிவது பெரும்பாலும் மெய்யொலிகளால்தான். மெய்யொலிகள் வலிமை குறைந்தவை, நொடிப்பொழுதில் மறைந்துவிடுபவை. ஆகவே முதலில் காணாமல் போவதும் அவையே.

குரல் பின்தங்குவது ஏன்?

முதற்காரணம் ஒலி மறைப்பு. வலிமையான ஓர் ஒலி ஒலிக்கும்போது அருகிலுள்ள மெல்லிய ஒலி செவிக்குப் புலப்படாது. தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகள் தம்மைவிட உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை எளிதில் மறைத்துவிடும். மிகைப்பட்ட பாஸ், குரலின் கீழ்ப்பகுதியை மூடிவிடுவது இதனால்தான்.

இரண்டாவது காரணம் அறை. சிமெண்டுச் சுவர், டைல்ஸ் பதித்த தரை, திரையில்லாத சன்னல் ஆகியவை ஒலியை உள்வாங்காமல் திருப்பி அனுப்புகின்றன. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். நேராக வரும் ஒலியைவிட 1 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் ஒலி 3 மில்லிநொடி தாமதமாகச் செவியை அடைகிறது. பலமுறை எதிரொலித்து வரும் ஒலி இதைவிட மிகவும் பிந்தி வந்து, அடுத்த மெய்யொலியின்மேல் படிந்து அதைக் கலைத்துவிடுகிறது.

முதற்படி: இணைப்பைச் சரிபார்த்தல்

ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் சிவப்பு, கறுப்பு என இரண்டு முனைகள் உண்டு. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனை ஒலிபெருக்கியின் சிவப்பு முனையுடனும், கறுப்பு முனை கறுப்பு முனையுடனும் இணைய வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் இவை மாறிவிட்டால், ஒன்றின் கூம்பு முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே செல்லும். அப்போது பாஸ் மெலிந்துவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரல் இடம் தெரியாமல் அறையெங்கும் சிதறும்.

இதைச் சோதிக்க மோனோ ஒலிப்பதிவு ஒன்று போதும். 1950களிலும் 1960களிலும் வந்த தமிழ்த் திரைப்பாடல்கள் மோனோவில் வெளியானவை. அப்படி ஒரு பாடலைப் போட்டு, இரு பெட்டிகளுக்கும் நடுவே அமர்ந்து கேட்டால், குரல் சரியாக நடுவிலிருந்து வர வேண்டும். வரவில்லை எனில் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரு பெட்டியின் கம்பிகளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: ஒலிபெருக்கிகளின் இடம்

ஸ்டீரியோ ஒலிப்பதிவில் பாடகரின் குரல் பெரும்பாலும் இரு பக்கங்களிலும் சம அளவில் பதியப்படுகிறது. இரு செவிகளுக்கும் அது ஒருசேர வந்தடைவதால், நடுவில் ஒருவர் நின்று பாடுவதாக மூளை கொள்கிறது. ஸ்டீரியோ முறைக்கு அடிப்படையான காப்புரிமைக்கு ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளும்லைன் 1931-ல் விண்ணப்பித்தார்.

இந்த நடுக்குரல் உறுதியாக நிற்க, இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளில் அமைய வேண்டும். பெட்டிகளுக்கு இடையே 2 மீட்டர் இருந்தால், கேட்பவரும் ஒவ்வொன்றிலிருந்தும் 2 மீட்டர் தள்ளி அமரலாம். சற்றே ஒரு பக்கம் விலகினாலும் அருகிலுள்ள பெட்டியின் பக்கம் குரல் சாய்ந்துவிடும்.

உயரமும் முக்கியம். டுவீட்டர் எனப்படும் சிறிய ஒலிபெருக்கியிலிருந்து வரும் உயர் அதிர்வெண்கள் குறுகிய கற்றையாகச் செல்பவை. பெட்டியைப் பீரோவின் மேலோ தரையிலோ வைத்தால் மெய்யொலிகளைத் தாங்கிய அக்கற்றை செவியைத் தப்பிவிடும். நாற்காலியில் அமர்ந்தவரின் காது மட்டத்தில் டுவீட்டர் இருப்பது நலம்.

பெட்டி சுவரை ஒட்டியிருந்தால் பாஸ் கூடும். ஒவ்வொரு பரப்பும் ஏட்டளவில் 6 டெசிபெல் வரை கூட்டக்கூடும். இரு சுவர்களும் தரையும் சேரும் மூலையே இதில் மோசமான இடம். ஷோகேஸ் அலமாரிக்குள் செருகிய பெட்டிகளும் இதே குறையால் குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து வைத்தால், எந்தத் திருகையும் தொடாமலேயே குரல் தெளிவதைக் காணலாம்.

மூன்றாம் படி: அறையைப் பதப்படுத்துதல்

தரையில் கனமான சமுக்காளம், சன்னலுக்குத் துணித்திரை, கேட்பவருக்குப் பின்னால் நூல்கள் நிறைந்த அலமாரி ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். ஆயினும் மெல்லிய துணிகள் உயர் அதிர்வெண்களையே உள்வாங்கும். பாஸை அவை கட்டுப்படுத்துவதில்லை. அதற்குப் பெட்டியின் இடத்தையும் இருக்கையின் இடத்தையும் மாற்றுவதே வழி.

நான்காம் படி: கட்டுப்பாடுகள்

லவுட்னஸ் பொத்தான்: ஒலியளவு குறையும்போது தாழ்ந்த ஒலிகளைச் செவி குறைவாகவே உணர்கிறது. பிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-ல் இதை அளந்து வெளியிட்டனர். அக்குறையை ஈடுசெய்ய இப்பொத்தான் பாஸையும், பல கருவிகளில் டிரெபிளையும் உயர்த்துகிறது. அதனால் இடையிலுள்ள குரல் பின்னே போகும். வழக்கமான ஒலியளவில் இதை அணைத்துவிட வேண்டும்.

பாஸ், டிரெபிள் திருகுகள்: பீட்டர் பேக்ஸண்டால் 1952-ல் வெளியிட்ட மின்சுற்றை ஒட்டியே பல கருவிகளில் இவை அமைந்துள்ளன. ஒன்று தாழ்ந்த கோடியையும் மற்றது உயர்ந்த கோடியையும் மாற்றும். குரலுக்கென்று தனித்திருகு இல்லை. பாஸைச் சிறிது குறைத்தால் குரல் தானே முன்வரும்.

ஈக்குவலைசர்: 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை 2 அல்லது 3 டெசிபெல் குறைத்தால் கலங்கல் தெளியும். அதன் பிறகும் தேவைப்பட்டால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 1 அல்லது 2 டெசிபெல் கூட்டலாம். மேலைநாட்டு ஓப்பரா பாடகர்களின் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஆற்றல் திரள்கிறது. ஒலிவாங்கி இல்லாமலே முழு வாத்தியக்குழுவையும் மீறி அவர்கள் குரல் கேட்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் செவி மிகக் கூர்மையாக உணரும் பகுதியும் இதுவே என்பதால், மிகையானால் காது விரைவில் சோர்ந்துவிடும். 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கூட்டினால் 'ஸ' ஒலி சீறும்.

சப்வூஃபர்: இதன் மேல்வரம்பை 80 ஹெர்ட்ஸ் அளவில் நிறுத்தலாம். 120 ஹெர்ட்ஸுக்கு மேல் விட்டால் ஆண்குரலின் அடிப்பகுதி இதிலும் ஒலித்துக் குரல் கனத்துவிடும்.

நடு ஒலிபெருக்கி: 5.1 அமைப்பில் திரைப்பட உரையாடல் பெரும்பாலும் நடுப்பெட்டியில் வருகிறது. அதை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்தினால் போதும்.

முதியோரின் செவித்திறன்

வயது ஏறும்போது செவித்திறன் முதலில் உயர் அதிர்வெண்களில் குறைகிறது. 'பாட்டுக் கேட்கிறது, சொல் புரியவில்லை' என்று வீட்டில் பெரியவர்கள் கூறினால் அது கவனக்குறைவன்று; அவர்களுக்கு உயிரொலிகள் கேட்கின்றன, மெய்யொலிகள் கேட்கவில்லை. அத்தகையோருக்கு ஒலியளவை ஏற்றுவதைவிட, இருக்கையைப் பெட்டிக்கு அருகில் போட்டு, பாஸைக் குறைத்து, டிரெபிளைச் சிறிது கூட்டுவது பயன்தரும். டிரெபிள் கூடுவது பிள்ளைகளின் காதுக்குச் சற்று உறுத்தலாகலாம். பெரியவர் கேட்கும் வேளையில் அந்த அமைப்பே அவருக்கு உரியது. குறை நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செவித்திறனைச் சோதித்தல் வேண்டும்.

வரம்புகள்

பதிவிலேயே குரல் தாழ்ந்திருந்தால், அதை எந்தத் திருகும் முழுமையாக மீட்காது. சில தொடக்ககால ஸ்டீரியோ தட்டுகள் இதற்கு ஓரளவு விலக்கு. பீட்டில்ஸ் குழுவின் 'ரப்பர் சோல்' (1965) தொகுப்பின் ஸ்டீரியோ பதிப்பில் பல பாடல்களில் குரல் ஒரு பக்கத்திலும் வாத்தியங்கள் மறுபக்கத்திலும் உள்ளன. அங்கே பேலன்ஸ் திருகே குரலை முன்கொணரும். மற்றப் பதிவுகளுக்கு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, நன்கு அறிந்த ஒரே பாடலை மீண்டும் கேட்டு ஒப்பிடுவதே நம்பத்தக்க முறையாகும்.