நுரையீரலில் ஒரு கர்ப்பப்பைக் கட்டி

இருமல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை. வேறு எதற்கோ ஒரு பெண்ணுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தால், இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாக முடிச்சுகள். எங்கோ இருந்த புற்றுநோய் பரவிவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அந்தப் பெண்ணும் குடும்பமும் அன்றிரவு தூங்குவார்களா? ஆனால் மிக அரிதாக, அந்த முடிச்சுகள் பல ஆண்டுகளுக்கு முன் கர்ப்பப்பையில் இருந்த ஃபைப்ராய்டின் வழித்தோன்றல்களாக இருக்கும்.

இதற்கு 'பெனைன் மெட்டாஸ்டசைசிங் லியோமயோமா' என்று பெயர். பெயரே முரண்: சாதுவான கட்டி, ஆனால் இடம்விட்டு இடம் பரவுகிறது. 1939இல் ஸ்டெய்னர் என்ற நோயியல் மருத்துவர் இதை விரிவாக எழுதினார். ஃபைப்ராய்டு என்பது மென்தசைக் கட்டி. அதன் செல்கள் எப்படியோ சிரைக்குள் நுழைந்துவிட்டால், ரத்தத்தோடு இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். அந்த வழியில் முதலில் குறுக்கிடும் மெல்லிய சல்லடை நுரையீரலின் நுண்குழாய்கள்தான். பெரும்பாலான நோயாளிகள் முன்பே ஃபைப்ராய்டையோ கர்ப்பப்பையையோ அகற்றிக்கொண்டவர்கள் என்பதால், அறுவையின்போது செல்கள் ரத்தத்தில் கலந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அறுவையே செய்யாதவர்களுக்கும் வந்திருப்பதால், அது ஒன்றையே காரணமாகச் சொல்ல முடியாது.

நுரையீரலில் இருப்பது அதே கட்டிதான் என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. கருவிலேயே அவற்றில் ஒன்று உறங்கிவிடுகிறது. எது உறங்குவது என்பது செல்லுக்குச் செல் மாறும். ஆனால் ஒரே செல்லிலிருந்து பெருகியவை அனைத்திலும் அதே ஒன்றுதான் உறங்கும். கர்ப்பப்பைக் கட்டியையும் நுரையீரல் முடிச்சுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், எல்லாவற்றிலும் உறங்கியது ஒரே எக்ஸ்தான். தாய்வீட்டு அடையாளம் அழியவில்லை.

ஹார்மோன் பாசமும் விடவில்லை. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை இவை வளரக்கூடும். மாதவிடாய் நின்றபின் சுருங்குவதுண்டு. அதனால் சிலருக்குக் கண்காணிப்பே போதும். சிலருக்கு ஹார்மோனை அடக்கும் மருந்தோ, சினைப்பை நீக்கமோ, முடிச்சை அகற்றும் அறுவையோ தேவைப்படும்.

சி.டி. ஸ்கேனில் இவை விளிம்பு தெளிவான உருண்டைகளாகத் தெரியும். பெட் ஸ்கேனில் பெரும்பாலும் அதிகம் ஒளிராது. இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, பயாப்சி வேண்டும். நுண்ணோக்கியில் மென்தசைச் செல்கள் அமைதியாக இருக்கின்றனவா, வேகமாகப் பிரிகின்றனவா என்று பார்ப்பார்கள். டெஸ்மின் சாயம் தசையைக் காட்டிக்கொடுக்கும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் கர்ப்பப்பையை நோக்கிக் கைகாட்டும்.

கடினமானது, லியோமயோசார்கோமா என்ற உண்மையான புற்றுநோயிலிருந்து இதைப் பிரித்தறிவது. அதற்குப் பழைய கர்ப்பப்பைக் கட்டியின் ஸ்லைடையும் மெழுகுக் கட்டையையும் தேடி எடுத்து மறுபடி பார்ப்பார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய ஆபரேஷன்தானே என்று அந்தப் பயாப்சி ரிப்போர்ட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். நுரையீரல் மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், கர்ப்பப்பை அறுவையைப் பற்றிச் சொல்லுங்கள்.