நந்தும் நண்டும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவை பெற்ற அறிவின் எண்ணிக்கை பற்றி ஆறாகப் பகுக்கின்றது. அப்பகுப்பில் நந்து ஈரறிவுயிராகவும் நண்டு நாலறிவுயிராகவும் வைக்கப்பட்டுள்ளன. இக்கால விலங்கியற் பாகுபாட்டை ஆசிரியர் முன்னரே கண்டார் என்பார் உளர். அக்கூற்று ஏற்புடைத்தன்று என்பதனை இவ்விரு கடலுயிர்களைக் கொண்டே காட்டலாம்.

நந்து என்னுஞ் சொல் நத்தைக்கும் சங்கிற்கும் பொது. மன்னார் வளைகுடாவில் எடுக்கப்பெறும் சங்கினை லின்னேயசு 1767இல் 'வொலூட்டா' என்னும் பேரினத்துள் வைத்தார். லாமார்க்கு 1799இல் நிறுவிய 'டர்பினெல்லா'வுள் அது பின்னர்ச் சேர்ந்தது. எலும்பற்ற மெல்லிய உடலும் அவ்வுடலே சுரந்து வளர்க்கும் ஓடும் அதனை மெல்லுடலிகளுள் சேர்ப்பன. கண்ணின்மை அதற்கு இலக்கணமன்று. கடல்நத்தைகளுட் பெரும்பாலானவற்றிற்கு உணர்கொம்பினருகே சிறு கண்கள் உள. நீரிற் கரைந்துவருவனவற்றை அறியும் உறுப்பும் உண்டு.

நண்டிற்குச் சான்றாகக் கொம்புக்கண் மணல்நண்டினைக் கொள்வோம். பல்லாசு என்பார் 1772இல் பெயரிட்டது இது. காம்பின்மேல் நிமிர்ந்து நிற்கும் அதன் கண்ணைக் கண்டார் எவரும் அதற்குக் காட்சியறிவை மறார். செவியறிவையோ ஆசிரியர் நண்டிற்குக் கூறிற்றிலர். ஆயினும் இந்நண்டு தன் பெரிய கொடுக்கின் உட்புற வரிகளை உராய்ந்து ஒலியெழுப்பும்; நிலத்தின் அதிர்வைக் கால்களால் உணரும்.

ஈண்டு வியப்பிற்குரியது ஒன்றுண்டு. நண்டோடு ஒருங்கெண்ணப்பட்டது தும்பி. லின்னேயசும் 1758இல் நண்டினைப் பூச்சி வகுப்பிலேயே வைத்தார். இரண்டும் கணுக்காலிகளே, பூச்சிகள் ஓட்டுடலிகளின் கிளையினின்றே தோன்றின என அண்மைக்கால மரபணு ஆய்வுகள் கூறும். இவ்வொற்றுமை கண்டு மகிழ்வார், சிதலும் எறும்பும் மூவறிவினவாகப் பிரிக்கப்பட்டமையை மறத்தலாகாது. அவையும் பூச்சிகளே அன்றோ? உறவு நோக்கின், தும்பியை எறும்பினின்று பிரித்து நண்டோடு சேர்த்தல் பொருந்தாது.

இக்கால விலங்கியலார் வினவுவது, இவ்வுயிர் எக்கிளையினின்று தோன்றியது என்பது. மரபியல் வினவுவது, இவ்வுயிர் எவற்றை அறியும் என்பது. கிளைப்பிறப்பு என்னும் சொல்லாட்சி கண்டு பின்னதன்மேல் முன்னதன் பொருளையேற்றின், நூலின் உண்மைப் பெருமை மறைந்துபோம். சிதலுள் தொழில்புரிவன பெரும்பாலும் கண்ணற்றவை. அதனைக் காட்சியில்லாதவற்றுள் வைத்தமை, புற்றினை நெருங்கி நோக்கியவர்தம் செயலாகவே தோன்றுகின்றது. எறும்பிற்கோ பெரும்பாலும் கண் உண்டு; அதனைச் சிதலோடு சேர்த்தெண்ணியதன் காரணம் தனியே ஆராயற்பாலது.