கல்லூரி நுழைவுத் தேர்வும் கிராமத்துப் பெற்றோரும்

நமது குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெருமான் சோழ மன்னனுக்கு அமைச்சரானதே ஒரு தேர்வினால்தான் என்று செவிவழிச் செய்தி கூறுகிறது. மலையினும் பெரியது எது, கடலினும் பெரியது எது, உலகினும் பெரியது எது என்று மன்னன் கேட்டனுப்பிய மூன்று வினாக்களுக்கும், தாம் நன்கு கற்றிருந்த திருக்குறளிலிருந்தே அவர் விடை எழுதி அனுப்பினாராம். இன்று மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளையிடம் கேட்கப்படும் வினாக்கள் 180. அவற்றுக்கு விடை தேடும் பொருட்டு நம் வட்டாரத்து விவசாயப் பெருமக்கள் நிலத்தை அடமானம் வைக்கும் நிலையைக் கண்டதாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

கல்லூரி என்றாலே நுழைவுத் தேர்வு உண்டு என்ற எண்ணம் கிராமங்களில் பரவியிருக்கிறது. இது சரியன்று. தொழிற்கல்விப் படிப்புகளுக்கென 1984இல் நமது மாநிலத்தில் ஏற்பட்ட பொது நுழைவுத் தேர்வு, 2007இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் நீங்கிவிட்டது. அது முதல் பொறியியல் கல்லூரிகளுக்கு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்டுத் தரவரிசை அமைக்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவ இடங்களுக்கும், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கும் மதிப்பெண்தான் பார்க்கப்படுகிறது. உழவர் வீட்டுப் பிள்ளை வேளாண்மை படிக்க விரும்பி, அதற்கென்று பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுவது வீண் செலவு.

மருத்துவம், பல் மருத்துவம், சித்த மருத்துவம் ஆகியவற்றுக்கு 'நீட்' தேர்வு வேண்டும். கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி., திருச்சியிலுள்ள என்.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு 2022 முதல் 'கியூட்'. இவற்றில் எது தன் பிள்ளைக்கு உரியது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பில் யோசிப்பது காலங்கடந்த செயல். பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அன்றே பாதி முடிவு ஏற்பட்டுவிடுகிறது. கணிதத்தை விட்டவருக்கு ஐ.ஐ.டி.யின் கதவும், உயிரியலை விட்டவருக்கு மருத்துவத்தின் கதவும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். இரண்டிலும் நாட்டமுடைய பிள்ளை, கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுப்பது நலம். ஆனால் நான்கு பாடங்களின் சுமையைத் தாங்குமா என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டறிய வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த பிரிவு என்பது ஒரு காரணமாகாது.

இனி நாம் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருவோம். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகில் ஒன்றரை ஏக்கர் உடைய விவசாயி ஒருவர், ஏதோ ஒரு சான்றிதழ் வேண்டுமென்று நமது அலுவலகத்துக்கு வந்தார். அவர் மகள் பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் முதல் மாணவி. நீட் பயிற்சியும் சேர்த்துத் தருவதாகச் சொன்ன தனியார் விடுதிப் பள்ளி ஒன்றில், நிலத்தை அடகு வைத்து மேல்நிலை வகுப்பில் சேர்த்தார். மதிப்பெண் ஓரளவு வந்தது. ஆனால் பொதுப் பட்டியலில் இடம் கிடைக்கும் அளவுக்கு வரவில்லை. “பத்து வருஷம் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்திலேதானே ஐயா படிச்சது, அந்தச் சான்று கொடுத்தால் இடம் கிடைக்குமே?” என்று கேட்டார். கிடைக்காது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

நீதிபதி கலையரசன் குழுவின் அறிக்கைக்குப் பின் 2020இல் இயற்றிய சட்டம், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு இடங்களை அரசுப் பள்ளி மாணவருக்கு ஒதுக்குகிறது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் இது விரிந்தது. இதன்படி சேருவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துப் பின்னர் அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பணம் கொடுத்து அந்த உரிமையை இழந்ததை அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்பெண் இப்போது செவிலியர் படிப்பில் நன்றாகவே படிக்கிறாள். நிலம் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

படிக்கும் முறை பற்றியும் சிறிது கூற வேண்டும். நீட், ஜே.இ.இ. ஆகிய இரண்டிலும் பதினோராம் வகுப்புப் பாடம் ஏறக்குறைய பாதி இடம் பெறும். இயற்பியலில் இயக்கவியலும் வெப்பவியலும் அவ்வகுப்பில்தான் வருகின்றன. 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கு இருந்த பொதுத்தேர்வை 2025இல் அரசு நீக்கிவிட்டது. பிள்ளைகளுக்கு அது நிம்மதியே. எனினும் அவ்வாண்டுப் பாடத்தைத் தள்ளிவிட்டு நேரே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடங்குவது, நாற்றங்கால் விடாமல் நடவுக்குப் போவது போலாகும். முதலில் பள்ளிப் புத்தகத்தை வரிவிடாமல் படித்து, பிறகு பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை முன்வைத்து எழுதிப் பழக வேண்டும்.

நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். நான்கு வினாக்களைக் குருட்டாம்போக்கில் குறித்து ஒன்று சரியானால், 4 வந்து 3 போக, மிஞ்சுவது 1. இரண்டு விடைகளையாவது தவறென்று தள்ள முடிந்தால்தான் ஊகிப்பதில் பயனுண்டு.

தமிழில் எழுதலாம். ஆயினும் ஆங்கிலக் கலைச்சொற்களையும் அறிந்திருத்தல் அவசியம். 2018இல் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு எழுந்தது. 196 மதிப்பெண் வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி என்பது தேர்வு விதி.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழ் விஷயத்தில்தான் நம் மக்கள் அதிகம் இடறுகிறார்கள். மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்று நமது மாநிலக் கலந்தாய்வுக்குப் போதும். அகில இந்திய இடங்களுக்கோ மத்திய அரசுப் படிவத்தில் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று தனியே பெற வேண்டும். அதையும் அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாகப் பெற வேண்டும். பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஜனவரி 26 கிராம சபையில், மேல்நிலை வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைத் தனியே அமர்த்தி இவற்றைப் படித்துக் காட்டினால், விண்ணப்பம் தொடங்கும் முன் சான்றுகள் கைக்கு வந்துவிடும். தலைமையாசிரியரையும் அன்று அழையுங்கள். பத்தாம் வகுப்புப் பெற்றோர் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பல இருக்கும்.