பழைய வண்டிக்குப் பேரீச்சம்பழமா?

திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிறிது நேரம் நின்றவர்களுக்கு நாம் சொல்லப்போகும் காட்சி புதிதல்ல. மாலை சூட்டிய புத்தம்புதுக் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், பழம் நசுங்க வண்டி நகரும். வண்டிக்குள் இருக்கும் குடும்பத்தின் முகத்திலே ஒரு பூரிப்பு! உழைத்துச் சேர்த்த காசில் வந்த பூரிப்பு அது. அதைக் கண்டு நாமும் மகிழ்கிறோம்.

சென்ற வாரம் அதே வாசலில் நண்பர் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். தையற்கடை வைத்திருப்பவர். துணிமூட்டை ஏற்றவும், வயதான தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் ஒரு சின்னக் கார் வைத்திருக்கிறார். அதற்கு வயது பதினைந்தை நெருங்குகிறது.

"அண்ணே! பழைய வண்டியைக் கொடுத்தால் புதிய வண்டியைச் சலுகை விலையில் தருகிறார்களாம். பதினைந்து வருடம் முடிந்துவிட்டால் பழசை ரோட்டிலேயே விடமாட்டார்களாமே! மெய்தானா? கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

இரண்டு கேள்விகள். ஒன்று அச்சத்தில் பிறந்தது. மற்றொன்று ஆசையில் பிறந்தது. வியாபாரம் செய்வோர் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி ஓட்டுகிறார்கள் என்பதால், நாம் இரண்டையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் அச்சத்தைத் தீர்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் வண்டியைச் சோதித்துத் தகுதி இருக்கிறதென்று கண்டால், ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக் கொள்ளலாம். பதினைந்து முடிந்த மறுநாளே வண்டி குப்பைக்குப் போகவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் ஏதுமில்லை. பின் எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு? டில்லியிலிருந்து வந்தது! அங்கும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும், பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அந்த நகரின் காற்று அப்படிக் கெட்டுக் கிடந்தது. சர்க்காரின் சொந்த வண்டிகளுக்கும் 15 ஆண்டுக்குமேல் பதிவு புதுப்பிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரல் முதல் வந்தது. டில்லிக்காரருக்கு இட்ட ஆணையையும் சர்க்கார் ஜீப்புக்கு இட்ட விதியையும் கலந்து, திருவேற்காட்டுத் தையற்காரரின் தலையில் ஊற்றினால் அது விற்பனைத் திறமையாக இருக்கலாம், உண்மை ஆகாது.

சட்டம் 'ஓட்டாதே' என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டுவதற்கு விலையை ஏற்றியது! 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் முதல் தேதியில் 5,000 ரூபாய் ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. சவுக்கு இவ்வளவு நீளமாக இருக்கிறதே, புல்லுக்கட்டு எவ்வளவு பெரிது என்று பார்க்கவேண்டாமா?

பார்ப்போம். 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் மத்தியப் போக்குவரத்து அமைச்சர் பழைய வாகனத் திட்டத்தை அறிவித்தார். பழைய வண்டியை அனுமதி பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால், புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவிகிதம் வரை இரும்பு மதிப்பாகக் கிடைக்கும். அங்கு தரும் சான்றிதழைக் காட்டினால் புது வண்டி விலையில் 5 சதவிகிதம் தள்ளும்படி கம்பெனிகளுக்கு ஆலோசனை கூறப்படும். மாநில அரசுகள் சாலை வரியில் 25 சதவிகிதம் வரை குறைக்கலாம் என்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் பிரதமரே திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கைதட்டல் எழுந்தது.

மூன்றாண்டு உருண்டது. 2024 ஆகஸ்டில் கார் கம்பெனிகள் அமைச்சரைச் சந்தித்துத் தாங்கள் தரப்போகும் சலுகையைச் சொல்லின. ஷோரூம் விலையில் ஒன்றரைச் சதவிகிதம் அல்லது 20,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது! அதுவும் ஓராண்டுக்கு மட்டும்!

ஆறு லட்ச ரூபாய்க் காருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆலோசனைப்படி கிடைத்திருக்க வேண்டியது 30,000 ரூபாய். கம்பெனிகள் ஒப்புக்கொண்டதோ 9,000 ரூபாய். ஐந்து ஒன்றரையாகத் தேய்ந்தபோது, கொடுக்கச் சொன்ன அரசு ஏன் என்று கேட்டதா? கட்டணத்தை ஏற்றும்போது சட்டத்தின் குரலில் பேசியவர்கள், சலுகையைக் கேட்கும்போது மட்டும் ஆலோசனையின் குரலில் பேசியதேன்?

இனி நண்பர் கண்ட கடைக்கணக்குக்கு வருவோம். கடையின் பெயர் வேண்டாம்; ஒரு கடையோடு நிற்கும் வழக்கமல்ல இது. நண்பரின் காருக்கு வெளியில் ஒரு தரகர் 1,10,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். புதுக் கார் கடையில் அதே வண்டியை 75,000 என்று மதித்தார்கள். நண்பரின் முகம் வாடியதைக் கண்டதும், "கவலைப்படாதீர்கள் சார், எக்ஸ்சேஞ்சு போனஸ் முப்பதாயிரம் இருக்கிறது!" என்றார்களாம். ஆக 1,05,000. போனஸ் என்று அவர்கள் தந்த முப்பதாயிரமும் நண்பரின் சொந்தப் பணம். அதோடு ஐயாயிரம் வேறு அவர் கையிலிருந்து போகிறது. நம் வீட்டு நெல்லை எடுத்து நமக்கே அவல் இடித்துக் கொடுத்து, இடித்த கூலியும் கேட்ட கதை!

உடைப்பு நிலையத்துக்கே கொண்டு போயிருந்தால்? இரும்பு மதிப்பு அதிகம் போனால் 36,000. கம்பெனிச் சலுகை 9,000. வரிக் குறைப்பையும் சேர்த்துப் பார்த்தாலும், ஓடுகிற வண்டிக்கு வெளியே கிடைக்கும் விலையை எட்டாது. ஓடாத வண்டிக்கு வேண்டுமானால் அது நல்ல வழி.

அரசு மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அண்மையிலேயே சான்றுண்டு. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாயிற்று, மேல்வரியும் நீங்கிற்று. ஆறு லட்ச ரூபாய்ப் பெட்ரோல் கார் ஒன்றில் இதனால் சுமார் 51,000 ரூபாய் குறையவேண்டும். பழைய வண்டி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இது பொது. அப்படியானால், பழைய வண்டியை இழந்து வருகிறவனுக்கென்று தனியே அளந்தது அந்த 9,000 மட்டுமே!

வெளிநாட்டு அனுபவத்தையும் பாருங்கள். 2009இல் ஜெர்மன் அரசு, ஒன்பதாண்டு கடந்த காரை உடைக்கக் கொடுத்துப் புதியது வாங்கியவருக்கு 2,500 யூரோ கொடுத்தது. 500 கோடி யூரோ செலவிட்டது. ஏறக்குறைய 20 லட்சம் கார்கள் அந்தத் திட்டத்தில் மாறின. அதே ஆண்டு அமெரிக்க அரசு 3,500 முதல் 4,500 டாலர் வரை கொடுத்தது. அவர்கள் செய்தது அத்தனையும் சரியென்று நாம் வாதாடவில்லை. நல்ல வண்டிகளும் நொறுக்கப்பட்டன என்ற குறை அங்கும் எழுந்தது. ஆனால் மாற்று என்று சொன்ன அரசு, மாற்றத்தின் செலவில் தானும் தோள் கொடுத்தது. அதுதான் நாம் சுட்டும் வேறுபாடு.

"பழைய வண்டி புகை கக்குகிறதே, அந்தக் காற்றைத்தானே உங்கள் குழந்தையும் சுவாசிக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்களுக்குப் புகையைப் பற்றி யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. புதிய கார் விற்கக்கூடாது என்பதும் நம் கட்சி அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் கடைபவர் முதல் இருங்காட்டுக்கோட்டையில் வண்டி பூட்டுபவர் வரை எத்தனையோ தொழிலாளர் வீட்டு அடுப்பு அந்த விற்பனையால் எரிகிறது. ஆனால் குற்றவாளி புகையா, வயதா? வாரம் இரண்டு நாள் ஓடி, ஒழுங்காகப் பழுது பார்க்கப்படும் பதினாறு வயது வண்டியும் உண்டு. எண்ணெய் மாற்றாமல் நாளெல்லாம் ஓடிக் கரும்புகை கக்கும் எட்டு வயது வண்டியும் உண்டு. பிறந்த தேதியைப் பார்த்துத் தண்டம் போடுவதைவிடப் புகைக்குழாயைப் பார்த்துப் போடுவதே முறை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. பழைய வண்டியை உடைக்கக் கொடுப்பவனுக்குச் சொன்ன ஐந்து சதவிகிதத்தைச் சட்டமாக்குங்கள். புதுப்பிப்புக் கட்டணத்தை வயதைக் கொண்டல்ல, சோதனையில் தெரியும் புகையைக் கொண்டு நிர்ணயியுங்கள். பழைய வண்டியின் மதிப்பு இது, தள்ளுபடி இது என்று விற்பனைச் சீட்டில் தனித்தனியே எழுதிக் கொடுக்கக் கடைக்காரரைக் கட்டாயப்படுத்துங்கள்.

நண்பரிடம் இன்னொன்றும் சொன்னோம். வண்டியை யாருக்குக் கொடுத்தாலும், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை உறங்காதீர்கள். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்தில் நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெறவேண்டும் என்றும், வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை உரிய படிவத்தில் தெரிவித்தால் பொறுப்பு அவருக்கு மாறும் என்றும் 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அந்த ஒப்புகை கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள் என்றோம்.

நண்பர் தலையாட்டினார். "அப்படியானால் இந்த ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிடுகிறேன் அண்ணே! அம்மாவுக்கும் இந்த வண்டியில் ஏறி இறங்கித்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு, பழைய வண்டியிலேயே போய்ச் சேர்ந்தார்.

நம் சிறுவயதில் தெருவிலே ஒருவர் கூவி வருவார். பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுப்பார். அவர் கொடுத்தது சொற்பம்தான். என்றாலும் பழையது எவ்வளவு எடை, பழம் எவ்வளவு என்று நம் கண்ணெதிரே தராசைத் தூக்கிக் காட்டினார். அமைச்சகமும் கம்பெனிகளும் அந்தத் தெருவியாபாரியின் நேர்மையையாவது கற்றுக்கொள்ளட்டும்!